புதுப்பிப்பு: சுவரோவியரின் வரைவேடுகள்

சுவரோவியத்துக்கான கரிக்கோல் வரைவுகள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டுகின்றன, அவற்றின்மேல் நிலைப்பான் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் திரவம்) தெளிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தெளிக்கவில்லை. அது கரியின் சாயலையே மாற்றிவிடக்கூடும். பிறகு நீக்குவதும் கடினம். தையல் விம்மாத அளவுக்கு, அமிலமற்ற வழவழப்பான தாள்களை இடையிட்டு, ஏட்டைப் படுக்கையாக வைத்திருக்கிறோம்.

பெரிய மகிழ்ச்சி வேறு. தனித்தாள் ஒன்றின்மேல் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சியபோது, கோடுகள் நெடுக ஊசித்துளைகள்! அவற்றின்மீது கரித்தூளைத் தட்டி உருவத்தைச் சுவருக்கு மாற்றுவது பழைய முறை. இத்தாலிய ஓவியர் ரஃபேல் ‘ஏதென்ஸ் பள்ளி’ என்ற சுவரோவியத்துக்காக வரைந்து, இன்று மிலானின் அம்புரோசியானா ஓவியக்கூடத்தில் இருக்கும் சுமார் 8 மீட்டர் அகல முன்வரைவிலும் இத்தகைய துளைகள் உண்டு. ஆகவே துளைகளைச் சுற்றியுள்ள கரிக்கறையை அழுக்கென்று துடைக்க விடமாட்டேன். அது ஓவியர் வேலை செய்ததற்கான சான்று. அடுத்து, அளவு பெருக்கப் போட்ட சதுரக்கட்டங்களைப் படமெடுக்கிறோம்.