டாக்டரிடம் சொல்லாத கணக்கு: குடிக்குப் பழகிய உடம்பில் மயக்க மருந்தும் தூக்க மருந்தும்

கோட்டையூர் ஆச்சி:

என் சித்தப்பா காரைக்குடியில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறவர். முப்பது வருடப் பேரேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. போன ஐப்பசியில் பித்தப்பையில் கல் என்று ஆப்பரேஷனுக்குச் சேர்த்தோம். மயக்க மருந்து டாக்டர் முதல் நாளே வந்து, "குடிப்பீங்களா? தினமுமா? எவ்வளவு?" என்று கேட்டார். சித்தப்பா சித்தியைப் பார்த்தார், சித்தி என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர் கோயில் காரியக்காரர் வீட்டு ஆள் படுத்திருந்தார். "கல்யாணம் காட்சின்னா எப்பவாவது கொஞ்சம்" என்று சொன்னது நான்தான்.

உண்மையில் பத்து வருடமாக ராத்திரி இரண்டு குவார்ட்டர், அதாவது 360 மில்லி பிராந்தி. கடைசியாகக் குடித்தது ஞாயிறு ராத்திரி. திங்கள் சாயங்காலமே கை நடுங்கியது, ஆப்பரேஷன் பயம் என்று விட்டுவிட்டோம். செவ்வாய் காலை ஆப்பரேஷன் முடிந்து வெளியே வந்த மயக்க மருந்து டாக்டர், "இந்த எடைக்குப் போடுற அளவுல இவருக்குக் கண்ணே சொருகலம்மா, கூடுதலா ஏத்தித்தான் தூங்க வெச்சேன். நிஜமா எவ்வளவு குடிப்பார்?" என்று மறுபடி கேட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

புதன் விடியற்காலை இரண்டு மணி இருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, போர்வையின் மடிப்பை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு மடிப்பில் விரலை ஓட்டி மேலிருந்து கீழே கூட்டினார், உதடு முணுமுணுத்தது, அடுத்த மடிப்புக்குப் போனார். வெற்றுச் சுவரைப் பார்த்து, "முகப்புல ஆள் நிக்குது, பட்டாலையில உக்காரச் சொல்லு" என்றார். சித்தி காத்து கருப்பு என்று பயந்து, குன்றக்குடி விபூதியை நெற்றியில் பூசினார். நர்ஸ் வந்து தூக்க ஊசி ஒன்று போட்டார். அதை எனக்குப் போட்டிருந்தால் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டேன். சித்தப்பா அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

டூட்டி டாக்டர் ஓடி வந்தார். அப்போதுதான் சொன்னேன், 360 என்று. "பத்து வருஷமாவா?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கப்புறம் அவர் நகரவே இல்லை. டயஸிபாம் என்கிற அமர்த்தும் மருந்தைச் சிறிது சிறிதாக நரம்பில் ஏற்றுவதும், மூச்சைக் கவனிப்பதும், மறுபடி ஏற்றுவதுமாக இருந்தார். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போடச் சொன்னார். வெளுக்கிற நேரத்தில்தான் சித்தப்பா கண் மூடினார்.

காலையில் அவர் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். மூளையை அமர்த்தி வைக்கும் ரசாயனத்துக்குக் காபா என்று பெயர். குடி அதற்குக் கூடுதல் பலம் கொடுக்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவின் பேச்சுக்கு மெல்ல மெல்லக் காது கொடுக்காமல் போகும், முடுக்கிவிடுகிற பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். டயஸிபாம் மாதிரி மருந்துகளும் அதே காபா வழியாகத்தான் வேலை செய்கின்றன. அதனால் வாழ்நாளில் ஒரு தூக்க மாத்திரையைக்கூடத் தொடாதவருக்கும், குடிக்குப் பழகிய உடம்பு என்றால், மாத்திரை சரியாக ஏறாது. கிராஸ் டாலரன்ஸ் என்றார் டாக்டர். குடியைத் திடீரென்று எடுத்துவிட்டால் அமர்த்த ஆள் இல்லாமல் முடுக்குகிற பக்கம் மட்டும் மிஞ்சும். சித்தப்பா போர்வையைப் புரட்டியது அதனால்தான்.

தேவகோட்டை நர்ஸ்:

ஆச்சி, உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் வார்டில் பாதிக் குடும்பம் இப்படித்தான் சொல்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மருந்தை ஏறவிடாமல் செய்த அதே தன்மைதான் சித்தப்பாவைக் காப்பாற்றியும் இருக்கிறது. இரண்டும் ஒரே வழியில் போவதால், குடி இருந்த இடத்தில் மருந்தை வைத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். 1960-ல் விற்பனைக்கு வந்த லிப்ரியம்தான் டயஸிபாம் வகையில் முதல் மருந்து. குடியை நிறுத்த இன்றைக்கும் அதைக் கொடுக்கிறோம். ஈரல் கெட்டிருந்தால் லோராஸிபாம்.

"வீட்டில் பூட்டி வைத்து நிறுத்திவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். கடைசிக் குடியிலிருந்து 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். நீங்கள் பார்த்த பிதற்றல் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் வரும். உயிர் போகிற விஷயம் அது. நெடுநாளாகத் தினமும் குடித்தவர் டாக்டர் துணையில்லாமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது.

பள்ளத்தூர்க்காரன்:

இதைப் படித்துவிட்டு யாரும் 'அப்படியென்றால் குடிக்கிறவனுக்கு எவ்வளவு மாத்திரை போட்டாலும் ஒன்றும் ஆகாது' என்று நினைத்துவிடக் கூடாது. என் மச்சான் அப்படித்தான் நினைத்தார். தூக்கம் வரவில்லை என்று, குடித்துவிட்டு அதன் மேலேயே, டயஸிபாம் வகை மாத்திரையான அல்பிரஸோலம் நான்கு போட்டார். "எனக்கெல்லாம் ஏறாது மாப்ள" என்பார். காலையில் தங்கச்சி காபி எடுத்துப் போனபோது குறட்டை விட்டு விட்டு வந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார்.

அங்கே டாக்டர் சொன்னது: தினம் குடிக்கிறவர் குடிக்காமல் தெளிவாக இருக்கும் நேரத்தில் மருந்து கூடுதலாகத் தேவைப்படும். குடி ரத்தத்தில் இருக்கும்போதே போட்டால் கதை வேறு, இரண்டும் சேர்ந்து அமுக்கும். அதைவிட முக்கியம், தள்ளாட்டமும் மயக்கமும் வராத அளவுக்கு உடம்பு பழகிவிடுகிறது, மூச்சை நடத்துகிற இடம் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. எவ்வளவு போட்டாலும் நிதானமாக இருக்கிறோமே என்று மேலே மேலே போடுகிறவருக்கு, மூச்சு நிற்கிற எல்லை அதே தூரம் தள்ளிப் போயிருக்காது.

அல்பிரஸோலம் 2014-லிருந்து ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மச்சானுக்கு ஒரு கடையில் சீட்டே கேட்காமல் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி, மச்சான் இப்போது நன்றாக இருக்கிறாரா? அவரிடம் பேச வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார்.

போன வாரம் சித்தப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி. லேசாக மயக்கம் கொடுப்போம் என்றார்கள். குடியை விட்டு மூன்று மாதம் ஆகிறது. டாக்டர் கேட்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பேரேட்டு எழுத்து. தினம் 360 மில்லி, பத்து வருடம், நிறுத்திய தேதி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளின் பெயர், எந்த நாள் எத்தனை. கடைசியில் ஒரு கோடு இழுத்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். சித்தி பக்கத்திலேயே நின்றார். டாக்டர் அதை இரண்டு தடவை படித்து, கோப்பில் வைத்துக் குத்தினார்.