பழைய ஹைலக்ஸை விட்டு வீகோ எடுக்கப் போகிறேன், எதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்?

கந்தப்பளை கெப்:

வணக்கம். கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டம். கரட், லீக்ஸ், கோவா ஏற்ற வைத்திருப்பது 90களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப், மொடல் எல்என்106, எஞ்சின் 3எல் என்கிற 2.8 லிட்டர் டீசல். முன்னுக்கும் முழு ஆக்சில், நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், 4x4க்கு முன் வீலைப் பூட்டக் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப். வண்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் டர்போ இல்லாத எஞ்சின், தம்புள்ளைக்குப் போய்விட்டு உர மூட்டையோடு இறம்பொடை ஏறும்போது பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே உயிரை வாங்குகிறான். அம்மாவைப் பின் சீட்டில் வைத்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போகிற வழியிலேயே இடுப்பு வலி என்கிறார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பொறுத்திருந்தேன், 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு வந்த விலைகளைப் பார்த்து அந்த ஆசையையும் விட்டாகிவிட்டது. இங்கே ஓடிய வீகோ (ஹைலக்ஸின் பிந்திய மொடல்) ஒன்றுதான் நமக்குச் சரி.

கேள்வி இதுதான். பழைய வண்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துப் போட்ட சாமான்கள் இருக்கின்றன: 15 இன்ச் அலோய் ரிம்மில் 31 இன்ச் டயர், முன் பார், அதில் சேற்றில் மாட்டினால் இழுக்கிற எலக்ட்ரிக் வின்ச், புது பேட்டரி, ஒரு லீஃப் கூட்டிக் கட்டிய பின் ஸ்பிரிங், இரண்டு ஸ்பொட் லைட். இதில் எது வீகோவுக்குச் சேரும்? எங்கள் மச்சான் ஒருபடி மேலே போய், வீகோவில் எஞ்சின் போன வண்டியாகப் பார்த்து மலிவாக வாங்கு, உன் 3எல்லைத் தூக்கி அதில் போட்டுவிடலாம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய டீசல்:

மச்சானை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள் அண்ணே. வண்டியின் பதிவுப் புத்தகமான சிஆர் புத்தகத்தில் எஞ்சின் நம்பர், செஸி நம்பர் இரண்டும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்ற வேண்டும், அதைச் செய்யாமல் ஓட்டினால் விற்கிற நேரத்தில், லீசிங் போடுகிற நேரத்தில், கடவுள் காப்பாற்ற வேண்டும், ஒரு விபத்து நடக்கிற நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதுவும் எதைக் கழற்றி எதைப் போடப் போகிறார்? வீகோவின் 3 லிட்டர் டர்போ டீசல், 1கேடி, 160 குதிரைத் திறனுக்கு மேல். உங்கள் 3எல் 90ஐத் தாண்டினால் பெரிய விஷயம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே காற்று கடல் மட்டத்தில் இருப்பதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. டர்போ இல்லாத எஞ்சின் அந்தக் குறையை அப்படியே வாங்கிக்கொள்ளும், கறுப்புப் புகையாகக் கக்கும். டர்போ உள்ளது கூடுதலாக அமுக்கி ஈடு கட்டும். நீங்கள் வண்டி மாற்றுவதே அந்த ஏற்றத்துக்காகத்தானே.

ரிம் விஷயம் சொல்கிறேன். இரண்டுக்கும் ஆறு ஸ்டட், 139.7 மி.மீ. வட்டம், நடு ஓட்டையின் விட்டமும் 106 மி.மீ. பக்கம்தான். 15 இன்ச் ரிம்மிலேயே வந்த 4x4 வீகோ உண்டு, அப்படி வந்த வண்டியென்றால் பிரேக்கில் இடிக்காது. போட்டால் ஏறும். ஆனால் பழைய முழு ஆக்சில் வண்டிக்கு வாங்கிய அலோய் பெரும்பாலும் வெளியே தள்ளி நிற்கிற ஒஃப்செட். வீகோவின் முன் பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், அதில் வீல் வெளியே தள்ளிப் போனால் ஸ்டியரிங் கனக்கும், பேரிங்குக்கு வேலை கூடும், முழுதாக ஒடித்தால் டயர் மட்காட்டில் உரசும். ஒரு வீலைப் போட்டு, இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

நட்டையும் பாருங்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இரும்பு ரிம்முக்குக் கூம்பு வாய் நட். டொயோட்டாவின் சொந்த அலோய் ரிம்முக்குத் தட்டை வாஷரோடு நீளக் கழுத்து நட். இரண்டின் மரையும் ஒன்றே, அதனால் ஒன்றில் மற்றது அழகாக ஏறிவிடும், இறுகியது போலவும் இருக்கும், ஆனால் உட்காராது. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து வரும்போது தளர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த ரிம்மோ அந்த ரிம்மின் நட், கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி ஒரு இறுக்கு.

ஹட்டன் மச்சான்:

எதையும் கழற்றாதீர்கள் என்பதுதான் என் கட்சி. எல்என்106க்கு மலைநாட்டில் எப்போதும் ஆள் இருக்கிறது. பாரும் வின்ச்சும் நல்ல டயருமாக நிற்கிற வண்டிக்கு ஒரு விலை, மொட்டையாக நிற்கிற வண்டிக்கு வேறு விலை. கழற்றிய சாமானைத் தனியாக விற்கப் போனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நீங்கள் வாங்கும்போது சொன்ன விலையும் விற்கும்போது சொல்கிற விலையும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்களாகவே இருக்காது. முழுதாக விற்றுவிட்டு அந்தக் காசில் புது வண்டிக்கு ஏற்றதை வாங்குங்கள்.

பேட்டரியை மட்டும் எடுக்கலாம். அதுவும் பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம், தட்டில் உட்காருமா என்று பார்த்துவிட்டு.

கராஜ்காரன்:

மேலே தம்பி சொல்வதில் பாதி சரி. பாரை அந்த வண்டியோடு விடுங்கள், வின்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால் பார் செஸியின் முன் கால்களில் ஏறுகிற சாமான், எல்என்106 செஸி வேறு, வீகோ செஸி வேறு. வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருகிறேன் என்று சொல்லும் கராஜ் பாஸ்மார் இருப்பார்கள். பழைய வண்டியில் ஏர்பேக் கிடையாது, அதனால் எந்த இரும்பைப் போட்டாலும் கேள்வியில்லை. ஏர்பேக் உள்ள வீகோவில் முன்னால் இடிக்கிற வேகத்தை சென்சர் எப்படி உணர்கிறது என்பதில் பாருக்கும் பங்கு இருக்கிறது. அதற்கென்று செய்த பாரைத்தான் போட வேண்டும். நம் ஊர் பைப் வெல்டிங் அந்தக் கணக்கில் வராது.

வின்ச் 12 வோல்ட், இரண்டு வண்டிக்கும் ஒத்துப்போகும். முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் வரைக்கும் இழுக்கிற மோட்டார், அதனால் கேபிளை நீட்டிக்கக் கண்ட வயரைச் சேர்க்காதீர்கள், எர்த்தை நேரே பேட்டரி மைனஸுக்குக் கொண்டு போங்கள். ஸ்டீல் கயிறு என்றால் முழுதும் உருவி வெளியே எடுத்து ஒடிந்த இழை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கயிற்றை மாற்றிவிட்டே பொருத்துங்கள். முன் பாரம் கூடும்போது வீகோவின் முன் கொயில் ஸ்பிரிங் இறங்கும், அதற்கும் பட்ஜெட்டில் ஒரு இடம் வையுங்கள்.

பின் லீஃப் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஃப்ரீ வீல் ஹப்பும் அப்படியே, இரண்டும் வீகோவில் ஏறாது. பாரம் ஏற்ற வேண்டும் என்றால் வீகோ கட்டுக்கே ஒரு லீஃப் கூட்டுங்கள். கூட்டினால் ஒன்றை மறக்காதீர்கள். ஏபிஎஸ் இல்லாத ஹைலக்ஸ் பலவற்றில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி போய் பிரேக் வால்வ் ஒன்றை அசைக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் காலி வண்டி என்று குறைக்கும். நீங்கள் லீஃப் கூட்டி உயர்த்திவிட்டால் முழு லோடிலும் அது காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். லோடோடு இறம்பொடை இறங்கும்போது முன் பிரேக் மட்டும் வெந்து மணக்கும். கம்பியைப் புது உயரத்துக்கு செட் பண்ணச் சொல்லுங்கள். பல இடங்களில் இதைச் செய்வதில்லை, கேட்டால்தான் செய்வார்கள்.

ஸ்பொட் லைட்டைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ரிலே வைத்துப் போட்டால் வேலை செய்யும், ரோட்டில் மறித்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

வெலிமடைக்காரர்:

எல்லாரும் பழைய சாமானையே பேசுகிறீர்கள், வாங்கப் போகிற வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணே, பாரில் மிச்சம் பிடிக்கிற காசு ஒரு பக்கம் கிடக்கட்டும், வீகோவில் இன்ஜெக்டர் பிசகினால் அதைப் போல பல மடங்கு போய்விடும்.

3எல் எதைக் குடித்தாலும் ஓடும். வீகோவின் 1கேடி, அதைவிடச் சின்ன 2.5 லிட்டர் 2கேடி, இரண்டும் கொமன் ரெயில், அதாவது மிகக் கூடிய அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிற வகை, அழுக்கையும் தண்ணீரையும் மன்னிக்காது. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பீப்பாயிலும் கேனிலும் சேர்த்து வைத்த டீசல் ஓடியதா, மண்ணெண்ணெய் கலந்ததா என்று நேராகக் கேளுங்கள், ஓனரின் முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழிகிற டீசல்) அளந்து பார்க்க ஒரு நல்ல டீசல் பாஸை அழைத்துப் போங்கள்.

இந்த எஞ்சினில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வியாதி, இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கிற செம்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த காற்று உள்ளே இறங்கி ஒயிலைக் கரியாக்கும், அந்தக் கரி கீழே சம்பில், அதாவது ஒயில் தட்டில், ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும், பிறகு ஒயில் ஏறாமல் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மீட்டரில் ஒயில் லைட் வருகிற நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். வாஷர் எப்போது மாற்றியது, சம்பைக் கழற்றி வலையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள், பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறையுங்கள். டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். அதற்கென்று மீட்டரில் ஒரு லைட் இருக்கிறது, ஆனால் பெல்ட்டை மாற்றாமலே லைட்டை மட்டும் அணைத்துவிடலாம் என்பதால் லைட் வரவில்லை என்பது எதற்கும் சாட்சி இல்லை.

அடிப்பக்கம் செஸியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், கடலோரத்தில் ஓடிய வண்டி மேலே பளபளவென்று இருந்தாலும் சத்தம் மாறும். பின் ஸ்பிரிங் தாங்குகிற இடங்களில் வெடிப்பு, புது வெல்டிங், புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். 4x4 போடுகிற சோதனையைத் தார் ரோட்டில் செய்ய வேண்டாம், மண் ரோட்டில் 4எல் (4x4 லோ கியர்) போட்டு ஒரு இறக்கம் இறங்கிப் பாருங்கள், கியரிலேயே வண்டி கட்டுப்பட்டு மெதுவாக இறங்க வேண்டும், பிரேக்கில் அல்ல.

இன்னொன்று. வீகோ டபள் கெப்பின் வீல்பேஸ் 3,085 மி.மீ., உங்கள் பழையதை விட ஒரு சாண் நீளம். இப்போது ஒரே மூச்சில் ஒடிக்கிற தோட்ட முடக்குகளில் ஒரு தடவை பின்னால் எடுத்து ஒடிக்க வேண்டி வரும். மரக்கறி ஏற்றுகிற இடத்துக்குப் போகிற ரோடு எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கந்தப்பளை கெப்:

எல்லாருக்கும் நன்றி. மச்சானுக்கு எஞ்சின் கதையைப் படித்துக் காட்டினேன், சிஆர் புத்தகம் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார். பாரை விட்டுவிடுகிறேன், வின்ச்சும் பேட்டரியும் வருகிறது. பிரேக் வால்வ் கம்பி பற்றி இவ்வளவு காலம் ஹைலக்ஸ் ஓட்டியும் ஒரு பாஸும் எனக்குச் சொன்னதில்லை, நாளைக்கே பழைய வண்டியின் அடியில் புகுந்து பார்க்கப் போகிறேன், அதிலும் லீஃப் கூட்டித்தானே இருக்கிறது.

டயர்தான் மனதை அரிக்கிறது. ஓட்டம் இன்னும் நிறைய இருக்கிறது. வீகோவில் 255/70 ஆர்15 இருக்கும் என்கிறார்கள். 31 இன்ச் போட்டால் என்ன கெட்டுப்போகும்? பிறகு, பார்க்கப் போகிற வண்டி வெலிமடையில் இருக்கிறது, ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய டீசல்:

255/70 ஆர்15 உயரம் கிட்டத்தட்ட 738 மி.மீ., உங்கள் 31 உண்மையில் அளந்தால் 775 பக்கம் வரும். ஐந்து சதவீதம். மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63ல் போவீர்கள், ஏற்றத்தில் கியர் அந்த அளவுக்குக் கனக்கும், 1கேடியாக இருந்தால் அதைத் தாங்கும், 2கேடி கொஞ்சம் முனகும். உரசாமல் சுற்றினால் போடலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஐந்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஸ்பெயாரில் சின்னதை வைத்துக்கொண்டு பஞ்சர் நேரத்தில் பின்னால் ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று 4x4 போட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸ் கணக்குக் கேட்கும்.

ஓட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1418 என்றால் 2018ம் ஆண்டின் பதினான்காவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ரப்பர் காய்ந்திருந்தால் நுவரெலியா மழையில் வழுக்கும். பழசாக இருந்தால் ஹட்டன் மச்சான் சொன்னபடி வண்டியோடு விற்றுவிடுங்கள்.

வெலிமடைக்காரர்:

வெலிமடை என்றால் நானும் வருகிறேன் அண்ணே, தனி மடலில் நேரத்தைச் சொல்லுங்கள். ஓனருக்கு இன்றே போன் எடுத்து, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், குளிர் எஞ்சின் முதல் தடவை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். போனதும் பொனெட்டில் கை வைப்போம். சூடாக இருந்தால் ஏன் சூடாக்கினார் என்று கேட்காமல், டவுனுக்குப் போய் டீ குடித்துவிட்டு ஆறிய பிறகு திரும்பி வருவோம்.