பிடிக்காத ஒரு கேரக்டருக்காக ஏன் அழுதேன்?

இரவுவாசகி:
நேற்று ராத்திரி ஒரு நாவலை முடித்தேன். (பெயர் சொல்லவில்லை, படிக்காதவர்களுக்கு முடிவைப் போட்டு உடைத்த பாவம் எனக்கு வேண்டாம்.) அதில் ஒரு பெரியவர் வருகிறார். மகா கஞ்சன், வாயைத் திறந்தால் குத்தல் பேச்சு, பெற்ற மகளிடம் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நேரில் இப்படி ஒருத்தரைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுவேன். ஆனால் அவர் சாகிற இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன், காலையில் கண் விழித்ததும் முதல் நினைப்பே அவர்தான். அதே கதையின் நாயகிக்கு என் வயசு, என் சுபாவம், நல்லவளும்கூட. நியாயமாக அவளோடுதான் என் மனசு ஒட்டியிருக்க வேண்டும். அவளுக்குக் கடைசியில் என்ன ஆனது என்பதே இப்போது மங்கலாகத்தான் இருக்கிறது. நம்மைப் போல இருப்பவரிடம்தானே பாசம் வரும்? எனக்கு மட்டும்தான் இப்படியா?

பக்கம்47:
உங்களுக்கு மட்டும் இல்லை. நமக்குப் பிடித்தவர், நம்மை மாதிரி இருப்பவர், யாருக்காக நாம் பதறுகிறோமோ அவர், இந்த மூன்றையும் ஒன்று என்று நினைப்பதில்தான் குழப்பமே. நேரில் ஒருத்தர் எரிந்து விழுந்தால் நம் காதில் விழுவது அந்தச் சத்தம் மட்டும்தான். நாவலில் அப்படியில்லை, எரிந்து விழுவதற்கு முன்னால் அவர் மனசில் என்ன ஓடியது, அப்புறம் அறைக்குள் போய் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பது வரை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அதிலும் 'அவள் வரமாட்டாள் என்று அவர் நினைத்தார்' என்று எழுதுவது ஒன்று, 'அவள் வரமாட்டாள். வந்தால்தான் என்ன?' என்று மொட்டையாக விட்டுவிடுவது வேறு. இரண்டாவதைப் படிக்கும்போது அந்த நினைப்பு நம் தலைக்குள் நம் குரலிலேயே ஓடுகிறது, அப்புறம் அந்த ஆளை எப்படி வெறுப்பது? உங்கள் பெரியவருக்கும் இப்படி உள்மனசைத் திறந்து காட்டியிருப்பார்கள், பந்தயம்.

துப்பறியும்பூனை:
பந்தயத்துக்கு நான் வருகிறேன். ஷெர்லக் ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கதைகளை அவருடைய நண்பர் வாட்சன்தான் சொல்கிறார், ஹோம்ஸின் மனசுக்குள் நமக்கு அனுமதியே கிடையாது. ஆள் சிடுசிடுப்பு, கர்வம் வேறு. இருந்தும் 1893இல் கதாசிரியர் கோனன் டாயில் அவரைச் சாகடித்தபோது வாசகர்கள் கொதித்துப்போனார்கள், கடைசியில் 1903இல் அவர் சாகவே இல்லை என்று எழுத வேண்டியதாகிவிட்டது. (இந்த முடிவைச் சொன்னதற்குப் பாவம் கணக்கில் ஏறாது என்று நம்புகிறேன்.) எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஹோம்ஸ் மேல் நமக்கு வந்த பிரியம் பாதி வாட்சனிடமிருந்து தொற்றிக்கொண்டது. மீதி, பழக்கம். அந்தக் கதைகள் பத்திரிகையில் மாதாமாதம் வந்தவை. 1956இல் ஹார்ட்டன், வோல் என்ற இருவர் டிவி, ரேடியோ ரசிகர்களைப் பற்றி இதைத்தான் எழுதினார்கள்: அடிக்கடி வந்துபோகிறவர் நமக்குத் தெரிந்தவர் போல ஆகிவிடுகிறார், அவருக்கு நம்மைத் தெரியாது என்பது தெரிந்திருந்தும். அவர்கள் பேசியது நிகழ்ச்சி நடத்துகிறவர்களைப் பற்றித்தான், ஆனால் 400 பக்கம் கூடவே வந்த கிழவருக்கும் பொருந்தும்.

சும்மாஒருகேள்வி:
கேட்கக் கூடாதுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் உண்டா?

வளைஓசை:
எனக்குப் பக்கம்47 சொல்வதில் பாதிதான் உடன்பாடு. சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களை, அதாவது காதல் பாடல்களைப் பாருங்கள், தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே கிடையாது. அகத்திணையில் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பதைத் தொல்காப்பியம் விதியாகவே வைத்திருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்காக இத்தனை நூற்றாண்டு கழித்தும் நமக்குத் தொண்டை அடைக்கிறது என்றால், 'நம்மை மாதிரி இருப்பவர்' என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. அவள் 'ஏங்குகிறேன்' என்று பக்கம் பக்கமாகப் புலம்ப வேண்டியதில்லை, ஏக்கத்தில் மெலிந்த கையிலிருந்து வளை கழன்று விழுகிறது, அவ்வளவுதான். மெய்ப்பாடு, அதாவது உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது, அதற்கென்று தொல்காப்பியத்தில் தனி இயலே இருப்பது சும்மாவா? உடம்பில் தெரிவதைக் கவிஞர் காட்டுவார், உள்ளே இருப்பதை நாம் போட்டு நிரப்புவோம், நாமே நிரப்பியதால் அது நம்முடையதாகிவிடுகிறது. என் சந்தேகம், உங்கள் நாயகிக்கு எல்லாவற்றையும் எழுத்தாளரே விளக்கி முடித்திருப்பார், நீங்கள் நுழைய இடமே இருந்திருக்காது.

இரவுவாசகி:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் அப்படி யாரும் இல்லை, அதனால்தான் இவ்வளவு குழம்பினேன். வளைஓசை எழுதியதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். பெரியவரின் மனசுக்குள் ஒரு வரிகூட இல்லை! நாயகிக்குத்தான் ஒவ்வொரு அத்தியாயத்திலும் என்ன நினைத்தாள், ஏன் நினைத்தாள் என்று விளக்கம். பெரியவருக்கு ஒரே ஒரு பழக்கம்தான் வருகிறது. போன் அடித்தால் எடுக்கமாட்டார், ஆனால் மணி நிற்கிற வரைக்கும் பக்கத்திலேயே போய் நிற்பார். முதல் தடவை படித்தபோது திமிர் என்றுதான் நினைத்தேன். இன்னொரு இடத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு வந்து நிற்கிறார். மூன்றாவது, அந்தக் கடைசி அத்தியாயம், எழுந்திருக்க முடியவில்லை, மணி அடிக்கிற பக்கம் தலையை மட்டும் திருப்புகிறார்.

பக்கம்47:
சரி, பந்தயத்தில் தோற்றேன். நாவலின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், முடிவுதான் தெரிந்துவிட்டதே.