நாலரை மணிக்கு அப்பா தண்ணீர் அடித்தாரா, இல்லையா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
நேற்று வேறொரு திரியில் ‘வெள்ளைச்சட்டை’ எழுதியது: “பக்கவாதம் வந்தவரைப் பொழுது விடிந்து காபி குடித்துவிட்டுத் தூக்கிவருவது, பிறகு டாக்டர் மேல் பழி போடுவது, வடசென்னைக்காரர்களுக்கு இதே வழக்கம்.” அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அப்பா விடியற்காலை நாலரைக்கு வாசல் அடிபம்பில் எட்டுக் குடம் தண்ணீர் அடித்தார், வலது கையால். மறுபடியும் போய்ப் படுத்தார். 6.10க்குப் பார்த்தால் வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணிக் கிடக்கிறார். 7.40க்கு ஆஸ்பத்திரி. 8.05க்கு சி.டி. ஸ்கேன்; மூளையில் ரத்தக்கசிவு இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் கெடு, அதாவது 9 மணி வரை. கேஸ் ஷீட்டில் டூட்டி டாக்டர் என்ன எழுதினார்? “கடைசியாக நன்றாக இருந்தது இரவு 10 மணி.” கெடு தாண்டிவிட்டதாம், ஊசி கிடையாதாம். ஒன்பது மாதமாக அப்பா இடது கையால் சாப்பிடுகிறார்.

வெள்ளைச்சட்டை:
10 மணி என்று டாக்டர் கனவா கண்டார்? உங்கள் வீட்டார் சொன்னதைத்தானே எழுதியிருப்பார்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
என் மனைவி சொன்னாள். எனக்கு அன்று மணலியில் இரவு ஷிப்ட். மாமனார் வாய் கோணிக் கிடக்கும்போது “எப்போது தூங்கினார்?” என்று கேட்டால் பத்து என்றுதான் சொல்வாள். நடுவில் எழுந்தாரா என்று ஏன் கேட்கவில்லை? அவள் எழுந்தபோது எட்டுக் குடமும் நிரம்பியிருந்தன. பேய் வந்தா நிரப்பியது?

வெள்ளைச்சட்டை:
குடம் வந்து சாட்சி சொல்லாது.

ஓய்வுபெற்ற செவிலி:
இரண்டு பேரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள். விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரம் கணக்கில்லை. கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. அந்த ஊசியே மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், அதனால்தான் அந்தக் கண்டிப்பு. தூக்கத்தில் வந்தது என்றால் நாங்கள் துருவித் துருவிக் கேட்போம்: சிறுநீர் கழிக்க எழுந்தாரா, பால் வாங்கினாரா என்று. நேரம் தெரியாதவர்களிலும் எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிலருக்கு ஊசி போடலாம் என்று 2018இல் ஆய்வு வந்தது. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய்வழியாகக் கட்டியை எடுக்கலாம்.

ஆனால் தம்பி, 6.10க்குப் பார்த்தவரை 7.40க்குத்தான் கொண்டுபோயிருக்கிறீர்கள். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

கொருக்குப்பேட்டைக்காரன்:
அக்கா, “துருவித் துருவிக் கேட்போம்” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அங்கே யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் என் வழக்கு.

ஒன்றரை மணி நேரமா? தெருமுனை கிளினிக்கில் “சர்க்கரை இறங்கியிருக்கும்” என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள், விரல் நுனியில் குத்திக்கூடப் பார்க்காமல். பிறகு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். ஆட்டோவில் அப்பாவின் தலை என் மனைவி மடியில், எதிரே சரக்கு ரயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதெல்லாம் போகட்டும். 8.05க்கு ஐம்பத்தைந்து நிமிடம் மீதியிருந்தது.

ஓய்வுபெற்ற செவிலி:
கிளினிக்குக்குப் போனதே தவறு. 108ஐ அழைத்திருக்க வேண்டும். நான் எழுதியதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புறாக்கூண்டு:
எங்கள் தாத்தாவுக்குப் புறா ரத்தம் தேய்த்தே கை வந்தது. இருபது நாள்தான்.

ஓய்வுபெற்ற செவிலி:
லேசான பக்கவாதம் தானாகவும் தேறும். பெயர் புறாவுக்கு, பாவம் உயிர் போனதும் அதற்கு.

புறாக்கூண்டு:
மூன்று தலைமுறையாகப் பந்தயப்புறா வளர்க்கிறோம். எங்களுக்கே நீங்கள் ஜீவகாருண்யம் சொல்கிறீர்களா?

சட்டப்புத்தகம்:
எது அலட்சியம் என்று முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. கிரிமினல் வழக்கென்றால் மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும், அது 2005 தீர்ப்பு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
நகல் வாங்கியாயிற்று ஐயா. இரண்டு வரி, அதில் பம்பு இல்லை. வரையறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாலரையா, பத்தா? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வெள்ளைச்சட்டை:
போன வருடம் வியாசர்பாடி கால்பந்து மைதான விவாதத்திலும் ஒரே வரியை இப்படித்தான் நாற்பது முறை எழுதினீர்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அதிலும் நான் சொன்னதுதான் சரி. சாட்சிதானே கேட்டீர்கள்? எதிர்வீட்டுப் பாட்டி பார்த்திருக்கிறார். “என்னப்பா, இன்றைக்கு முதல் ஆளா?” என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

எதிர்வீடு:
எங்கள் பாட்டியை இதில் இழுக்க வேண்டாம். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. தவிர, நம் தெருவில் ஐந்து மணிக்கு முன் தண்ணீரே வராது.

கொருக்குப்பேட்டைக்காரன்:
நல்லது! ஐந்து என்றால் கெடு ஒன்பதரை வரை. எனக்கு இன்னும் அரை மணி நேரம் கூடுகிறது. நன்றி.

வெள்ளைச்சட்டை:
அப்படியென்றால் நாலரை என்று இத்தனை நேரம் ஏன் சத்தியம் செய்தீர்கள்? உங்களுக்கே தெரியாத நேரத்தை டூட்டி டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

கொருக்குப்பேட்டைக்காரன்:
கேட்டால் தெரியும்! கேட்கவில்லை என்றுதானே காலையிலிருந்து கத்துகிறேன்! நாலரைதான். எங்கள் வாசல் பள்ளம், எங்களுக்கு முதலில் வரும்.

ஓய்வுபெற்ற செவிலி:
அப்பாவுக்கு பிசியோதெரபி நடக்கிறதா தம்பி?

எதிர்வீடு:
பள்ளமாம்! போன பொங்கலுக்கு எங்கள் பம்பில் வாஷரைக் கழற்றியது யார் என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள்.