தம்பிக்கு ஐரோப்பா வேலை, பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து

வணக்கம். தம்பி ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு 6 வருடமாக ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறான். கிருஷ்ணகிரியில் ஒரு ஏஜென்ட், போலந்தில் குடோன் வேலை, மாதம் 1 லட்சம் சம்பளம், மொத்தச் செலவு 4.5 லட்சம் என்கிறார். முன்பணம் 50,000 வேண்டுமாம். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டார். மாங்காய்ப் பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்று அப்பா நிற்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அங்கே இருப்பவர்கள், போய் வந்தவர்கள், ஏமாந்தவர்கள், யாராக இருந்தாலும் நடந்ததைச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து

ஏமாந்தவர்கள் வரிசையில் என்னை எழுதிக்கொள்ளுங்கள். 2023-இல் தக்காளிக்கு யாரும் நினைக்காத விலை கிடைத்தது. கையில் காசு புரண்டது, அதுதான் வினை. மகனுக்கு ஐரோப்பாவில் பேக்கிங் வேலை என்று சொல்லி ஒருவர் 3 லட்சம் வாங்கினார். விசாவும் வந்தது. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம்.

டிக்கெட் பிரின்ட் எடுக்கப் போன இடத்தில், பிரவுசிங் சென்டர் பையன்தான் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தான். "அண்ணா, இதில் வகை என்ற இடத்தில் சி என்று இருக்கிறது, தங்கும் நாள் 15 என்று இருக்கிறது. இது சுற்றுலா விசா" என்றான். வேலைக்குப் போவதென்றால் டி என்று இருக்க வேண்டுமாம். ஏஜென்டுக்குப் போன் போட்டால், "போய் இறங்கட்டும், கம்பெனிக்காரனே மாற்றிக் கொடுத்துவிடுவான்" என்றார். மகனை அனுப்பவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு, போலீஸ் ஸ்டேஷன் என்று எட்டு மாதம் அலைந்து 80,000 திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான்.

ஊத்தங்கரை, இப்போது போலந்து

நான் இருக்கும் ஊரின் பெயரை எழுத்துப்படி லோட்ஸ் என்று படிப்போம், இங்கே வூச் என்கிறார்கள். பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

குடோன் வேலை பொய் இல்லை, அதைத்தான் நான் செய்கிறேன். வரிசைதான் முக்கியம். முதலில் இங்கிருக்கும் கம்பெனி, அந்த மாகாண ஆளுநர் அலுவலகத்தில் உங்கள் தம்பி பெயருக்கு வேலை அனுமதி வாங்க வேண்டும். அதில் கம்பெனி பெயர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் எல்லாம் இருக்கும். அந்தக் காகிதம் வந்த பிறகுதான் டி விசாவுக்கு விண்ணப்பம். அனுமதி இல்லாமலே விசா எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்டிடம் கம்பெனியின் கேஆர்எஸ் எண்ணைக் கேளுங்கள். அது போலந்து அரசின் கம்பெனிப் பதிவு, இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆள் அனுப்பும் ஏஜென்சி என்றால் அவர்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 4,666 ஸ்லோட்டி. நம் காசுக்கு 1 லட்சம் தாண்டும், அதைத்தான் ஏஜென்ட் சொல்கிறார். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது 3,500 சொச்சம். அதில் கட்டில் வாடகை, சாப்பாடு. ஒப்பந்தம் எந்த வகை என்றும் பார்க்கணும். எனக்கு முதல் வருடம் கொடுத்தது உமோவா ஸ்லெட்சேனியே. அதில் மணிக்கணக்குக்குத்தான் கூலி, சம்பளத்தோடு லீவு கிடையாது. ஜனவரியில் சரக்கு வரத்து குறைந்தது, எனக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை. அனுமதி அந்தக் கம்பெனி பெயரில் இருந்ததால், நினைத்தபடி வேறு இடத்துக்குப் போகவும் முடியவில்லை. வீட்டுக்குப் போன் செய்து பொங்கலுக்குப் பணம் அனுப்ப முடியாது என்று சொன்ன அன்றைக்கு, அறைக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓசூர், இப்போது ஜெர்மனி

ஃபிட்டர் படித்து 6 வருட அனுபவம் உள்ளவரை எதற்குக் குடோனுக்கு அனுப்புகிறீர்கள்? நானும் ஐடிஐதான், டர்னர். சிப்காட்டில் 7 வருடம் சிஎன்சி, அதாவது கணினியில் இயங்கும் கடைசல் மெஷின் ஓட்டினேன்.

ஜெர்மனியில் நம் சான்றிதழை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் தொழில்களுக்கு அதைச் செய்வது நியூரம்பெர்கில் உள்ள ஐஹெச்கே ஃபோசா என்ற அமைப்பு. அங்கே தொழிற்பயிற்சி மூன்றரை வருடம், நம்முடையது இரண்டு. அதனால் முழு அங்கீகாரம் கிடைப்பது கஷ்டம். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது வேலை அனுபவம்தான். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழ் இரண்டே வரி: இவர் இன்ன தேதி முதல் ஆபரேட்டர், நடத்தை நன்று. நடத்தையை வைத்து ஜெர்மன்காரன் என்ன செய்வான்?

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனிதர். ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, என்னென்ன மெஷின், எந்த கன்ட்ரோல், ஆஃப்செட் போடத் தெரியுமா, மைக்ரோமீட்டர், போர் கேஜ் வைத்து அளப்பது, ட்ராயிங் படிப்பது என்று வருடவாரியாக எழுதினோம். இரண்டு பக்கம் வந்தது. ஹெச்ஆரில் சீல் வாங்கவே மூன்று வாரம். மொழிபெயர்த்து அனுப்பினேன். பகுதி அங்கீகாரம் வந்தது, எது பொருந்துகிறது, எது குறைகிறது என்று கடிதத்தில் தனித்தனியாக இருந்தது.

2024 மார்ச் முதல் அங்கீகாரக் கூட்டு என்று ஒரு வழி இருக்கிறது. வேலை தரும் கம்பெனி ஒத்துக்கொண்டால், ஏ2 அளவு, அதாவது அடிப்படை அளவு ஜெர்மன் மொழியோடு போய், வேலை செய்துகொண்டே மீதியை முடிக்கலாம். நான் அப்படித்தான் வந்தேன். வேலை தேடியது மேக் இட் இன் ஜெர்மனி என்ற அரசு தளத்தில். 60 விண்ணப்பம் போட்டு, 4 பதில், ஒரு நேர்காணல். வீடியோவில் ஒரு ட்ராயிங்கைக் காட்டினார்கள். துளை அளவுக்குப் பக்கத்தில் ஹெச்7 என்று இருந்தது, அளவு எவ்வளவு வித்தியாசப்படலாம் என்பதற்கான குறியீடு அது. அதற்கு ஓசூரில் என்ன அர்த்தமோ அதேதான் அங்கேயும். மற்ற கேள்விகளுக்குத் திக்கித் திக்கிப் பேசிய நான் அதற்கு மட்டும் கடகடவென்று பதில் சொன்னேன்.

சம்பளம் 3,100 யூரோ, கைக்கு 2,100 அளவில். அறை வாடகை 600. மொழிக்கும் தேர்வுக்கும் ஒன்றரை வருடம் போனது, அது உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகாமல் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சு தனி.

அரூர், இப்போது ஜெர்மனி

அக்கா, நான் நர்ஸ். சுருக்கமாகச் சொல்கிறேன், டியூட்டிக்கு நேரமாகிறது. ஜெர்மன் மொழி பி2 தேர்வில் பேச்சுப் பகுதியில் ஒரு முறை தோற்று, இரண்டாவது முறை தேறினேன். மொழி வகுப்பு முதல் டிக்கெட் வரை ஆஸ்பத்திரிதான் கொடுத்தது, என்னிடம் யாரும் காசு கேட்கவில்லை.

உங்கள் ஏஜென்ட் விஷயத்துக்கு: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983 குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்கள் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்களே வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. 4.5 லட்சம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, அங்கே ஒரு நடை விசாரியுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏஜென்டிடம் போனோம். இ-மைக்ரேட் பட்டியலில் ஏஜென்ட் பெயர் இல்லை. அனுமதியின் நகலும் கேஆர்எஸ் எண்ணும் கேட்டோம். "முன்பணம் கட்டினால்தான் ஃபைல் ஓப்பன் ஆகும்" என்றார். அப்போ பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றதற்கு, சென்னையில் இருக்கிறது, ஒரு வாரம் ஆகும் என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாங்காமல் எழ மாட்டேன் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இருபது நிமிடத்தில் மேசை இழுப்பறையிலிருந்தே பாஸ்போர்ட் வந்தது.

ஓசூர் அண்ணா, அந்த இரண்டு பக்கத்தில் உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் மறைத்துவிட்டு அனுப்ப முடியுமா? தம்பி அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் பேசப் போகிறான்.