கண்மாய் வரைபடத்துக்கு எந்த மென்பொருள் நல்லது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்க் கண்மாயையும் அதன் வரத்துக்கால்களையும் வரைபடமாக்க வேண்டும். மடை (பாசனத்துக்கு நீர் திறக்கும் வழி), கலுங்கு (மிகுதி நீர் வெளியேறும் இடம்) எல்லாம் எங்கே இருந்தன என்று சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே குறித்துவிட ஆசை.

இப்போது கூகுள் எர்த் ப்ரோ வைத்திருக்கிறேன். 2015 முதல் இலவசம். பழைய செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாகப் பார்க்க முடிவது பெரிய வரம்; ஒரு கால்வாய் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்ததே அதில்தான் தெரிந்தது. ஆனால் வயல்வாரியாகப் பரப்பு கணக்கிட்டு, பட்டியலோடு இணைத்து அச்சிட அது போதவில்லை. க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் அதற்குச் சரி என்கிறார்கள், கூகுள் எர்த்தில் குறித்தவற்றைச் சேமிக்கும் கேஎம்எல் (KML) கோப்பையும் திறக்குமாம்.

என் மடிக்கணினியில் 4 ஜிபி ரேம்தான். தாங்குமா? எஃப்எம்பி (FMB) புலப்படத்தை, அதாவது நில அளவைத் துறையின் புல வரைபடத்தை, செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? அப்புறம், தமிழ்ப் பெயர்கள் அச்சில் உடையாமல் வர எந்த எழுத்துரு வைக்கலாம்?