மூன்று சூரியனும் என் தங்கையும்

2024 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' தொடர் வந்த அன்று இரவே பார்க்க உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தங்கை. அந்தத் தொடருக்கு மூலமான, சீன எழுத்தாளர் லியூ சிஷினின் அறிவியல் புனைவு நாவலை அவள் தொட்டதில்லை. நானோ கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பை மூன்று முறை படித்தவன். எட்டுப் பகுதிகளையும் இரண்டே நாளில் முடித்தோம். பிடித்ததா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரே வார்த்தையில் பதில் வரவில்லை.

முதல் காட்சியிலேயே தொண்டை அடைத்துவிட்டது. சீனாவில் கலாசாரப் புரட்சி நடந்த காலம். இயற்பியல் பேராசிரியர் ஒருவரை மேடையில் நிறுத்தி மாணவர்களே அடிக்கிறார்கள். கட்டிய மனைவியே மேடையேறி அவருக்கு எதிராகப் பேசுகிறாள். கூட்டத்துக்குள் நின்று மகள் யே வென்ஜியே பார்க்கிறாள். சீனாவில் நூலாக வந்தபோது தணிக்கைக்குப் பயந்து இந்த அத்தியாயத்தை நடுவில் தள்ளி வைத்தார்கள். ஆங்கிலத்தில்தான் அது முதலுக்கு வந்தது. தொடரும் அங்கேயே, சீன மொழியிலேயே தொடங்குகிறது. அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தபின், பிற்பாடு வேற்றுகிரகத்திலிருந்து வரும் செய்திக்கு அவள் அனுப்பும் பதிலுக்கு வேறு காரணமே வேண்டியதில்லை. தங்கை அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

சரி, கதையில் வரும் மெய்நிகர் விளையாட்டுக்கு வருகிறேன். அந்த வேற்றுகிரகத்தைத்தான் அது காட்டுகிறது. நாவலில் என் உயிரே அதில்தான் இருந்தது. நாவலின் நாயகன், விஞ்ஞானி வாங் மியாவ் உள்ளே போகிறார். சூரியன் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வெயில் சுட்டெரிக்கும்போது மக்கள் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றி, பாய்போலச் சுருண்டு, நல்ல காலத்துக்குக் காத்துக் கிடக்கிறார்கள். நாகரிகம் அழிகிறது, மறுபடி முளைக்கிறது. வானத்தில் ஏன் இந்தக் குளறுபடி என்று அவரோடு சேர்ந்து நானும் பக்கம் பக்கமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த உலகத்துக்கு மூன்று சூரியன் என்று புரிந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டைமாடிக்கே போய்விட்டேன், அவ்வளவு சந்தோஷம். தொடரில் மூன்றாம் பகுதி முடிவதற்குள் அது வெளியே வந்துவிடுகிறது. காட்சிகள் பிரமாதம், குறையில்லை. ஆனால் குழம்புவதற்கு நேரமே தரவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாங் மியாவ் ஒருவரின் கதையைப் பிரித்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்த நண்பர்களில் ஒருவனான வில் வந்தான். சாகப்போகிறவன், கிடைத்த பணத்தில் பெரும்பங்கைக் கொடுத்து, தான் காதலிக்கும் தோழி ஜின்னுக்காக ஒரு நட்சத்திரத்தை வாங்குகிறான், தன் பெயரைச் சொல்லாமலே. இந்த நாவல் வரிசையின் மூன்றாம் நாவலிலிருந்து எடுத்து வந்த இழை அது. முதல் பருவத்திலேயே அதைச் சேர்த்தது சரியான முடிவு என்று மனசாரச் சொல்வேன்.

பனாமா கால்வாய்க் காட்சியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகள், வேற்றுகிரகவாசிகளை வரவேற்கும் கூட்டத்தாரின் கப்பலை அடுக்கடுக்காக அறுப்பதை நாவலில் கரையிலிருந்து பார்த்தோம். தொடர் கப்பலுக்குள்ளேயே கூட்டிப் போகிறது. அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இது தேவையா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் என் அலமாரியிலிருந்து நாவலை அவளே எடுத்துக்கொண்டாள். நேற்று விளையாட்டு அத்தியாயத்துக்கு வந்துவிட்டாள். வேகமாகப் புரட்டுகிறாள். சூரியன் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அவளுக்கு முன்பே தெரியுமே.